அடைப்பு இல்லை, சரி. வலி எங்கிருந்து வருகிறது?

மதுரையில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஆஞ்சியோதான். அடைப்பு இருந்தால் எத்தனை சதவீதம், எத்தனை ஸ்டென்ட், பைபாஸ் வரைக்கும் போகுமா என்று சொந்தபந்தம் மொத்தமும் கூடிப் பேசும். அடைப்பு இல்லையென்றால் மீனாட்சிக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த இரண்டாவது முடிவுதான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் வலி நிற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய பெண்கள். அவர்களிடம் அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

செல்லூரில் இருக்கும் என் அத்தை அப்படி ஒருவர். பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம், மாதவிடாய் நின்று சில வருடங்கள். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினால் நெஞ்சின் நடுவில் யாரோ அழுத்துவது போல வரும். உட்கார்ந்தால் உடனே போகாது, கால் மணி நேரம் கழித்துத்தான் மெல்ல இறங்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் கேட்கும், இன்னொரு நாள் கேட்காது. தலைவலி மட்டும் தவறாமல் வரும். கடைசியில் ஆஞ்சியோ எடுத்தார்கள். "அம்மா, குழாயெல்லாம் கிளீனா இருக்கு. ஒரு அடைப்பும் இல்ல. வாயுவா இருக்கும், இல்லேன்னா மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது இதுதான்: "ஏத்தா, நீதான் காலேஜ்ல இதெல்லாம் பாடம் நடத்துறியே. மனசு குழம்புனா மாடிப்படியிலயா குழம்பும்? சும்மா உக்காந்திருக்கும்போது ஒண்ணுமே செய்ய மாட்டேங்குதே?"

எவ்வளவு கூர்மையான கேள்வி! நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், மருத்துவர் இல்லை. ஆனாலும் உடல் உழைக்கும்போது மட்டும் வந்து, உழைப்பு நின்ற பிறகு மெதுவாக அடங்கும் ஒரு வலியை மனக்குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவராக இருக்கத் தேவையில்லை. மாத்திரை கேட்ட நாட்களை வைத்து இது இதயம்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. அந்த மாத்திரை உணவுக்குழாயின் தசையையும் தளர்த்தும், அங்கே ஏற்படும் இறுக்கத்துக்கும் கேட்கும். ஆகவே ஆஞ்சியோ படமும் சரி, மாத்திரையும் சரி, அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பதில் ரத்தக்குழாயின் உள்பக்கத்தில், ஆஞ்சியோவில் தெரியவே தெரியாத ஒரு படலத்தில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே நார்த்திசு, நடுவில் மென்தசை, உள்ளே ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண்டோதீலியம். இந்தக் கடைசி அடுக்கு ஒரே ஒரு செல் தடிமன்தான். பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓட ஒரு வழவழப்பான பூச்சு என்ற அளவில்தான் 1970கள் வரை பெரும்பாலான உடலியல் ஆய்வாளர்களே அதைக் கருதி வந்தார்கள். சுருங்குவதும் விரிவதும் நடுவில் இருக்கும் தசையின் வேலை. அந்தத் தசைக்கு நரம்பும் ஹார்மோனும் வெளியிலிருந்து உத்தரவு கொடுக்கின்றன, உள்பூச்சுக்கு இதில் என்ன பங்கு இருக்க முடியும் என்பதுதான் எண்ணம்.

இந்த விரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும் என்று பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதே அழுத்தத்தில், ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதயத்தசை ஓய்வில் இருக்கும்போதே தன்னிடம் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதனால் மாடி ஏறும்போது கூடுதலாக ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆரோக்கியமான இதயத்தில் அந்த ஓட்டம் நான்கைந்து மடங்கு வரை கூடும். அப்படிக் கூட வேண்டுமானால் குழாய்கள் விரிய வேண்டும். அடைப்பே இல்லாத குழாய் விரிய மறுத்தால் என்ன ஆகும்? அத்தையின் மாடிப்படிக் கேள்வி இதுதான்.

புரூக்ளினில் உரசிப்போன ஒரு படலம்

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த மருந்தியல் ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகம். முயலின் பெருந்தமனியை நீளமான சுருள் பட்டையாக வெட்டி, சத்துக்கரைசலில் தொங்கவிட்டு, மருந்துகளைச் சேர்த்து அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அவர் பிரபலமாக்கிய முறை. அந்தப் பட்டையில், நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைச் சேர்த்தால் அது இன்னும் சுருங்குகிறது என்று 1953இல் அவரே எழுதியிருந்தார். இதில் ஒரு முரண் இருந்தது. உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் அதே அசிட்டைல்கோலினைச் செலுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கும், அதாவது குழாய்கள் விரியும். உடலுக்குள் விரிக்கும் பொருள் கண்ணாடிப் பாத்திரத்தில் சுருக்குகிறது. கால் நூற்றாண்டு காலம் இரண்டு உண்மைகளும் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

1978இல் வேறு ஏதோ ஒரு கேள்விக்காக ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. முதலில் நார்எபிநெஃப்ரின் சேர்த்துத் தமனியைச் சுருக்க வேண்டும், பிறகு கழுவிவிட வேண்டும், அதற்குப் பின்தான் அசிட்டைல்கோலினின் உறவுப்பொருளான கார்பகாலைச் சேர்க்க வேண்டும். ஆய்வக உதவியாளர் கழுவாமலே கார்பகாலைச் சேர்த்துவிட்டார். சுருங்கியிருந்த தமனி மேலும் சுருங்கியிருக்க வேண்டும். அது தளர்ந்தது. வரைபடத்தில் கோடு கீழே இறங்கியது. "சோதனை கெட்டுப்போச்சு, திரும்பச் செய்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஃபர்ச்காட் அந்த இறங்குகோட்டை விடவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தான் இருபத்தைந்து வருடமாகப் பார்த்து வந்ததற்கு நேர் எதிரான ஒன்றை அந்த வயதில் ஓர் ஆய்வாளர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

இந்த முறை வைத்திருந்தது பட்டை இல்லை, தமனியைக் குறுக்காக நறுக்கிய வளையம் என்பது கவனத்துக்கு வந்தது. வளையமும் பட்டையும் அதே முயலின் அதே தமனிதான். பின் ஏன் வளையம் தளர்கிறது, பட்டை தளர மறுக்கிறது? தேடிப் போனபோது காரணம் தயாரிக்கும் விதத்தில் இருந்தது. வளையத்தை நறுக்கும்போது உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. பட்டையைச் சுருளாக வெட்டிப் பிரித்துப் போடும்போது உள்பரப்பு எங்காவது உரசும். அந்த உரசலிலேயே ஒரு செல் தடிமனுள்ள படலம் போய்விடும். உறுதிப்படுத்த நல்ல வளையத்தை எடுத்து உள்பக்கத்தை வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தார்கள். அசிட்டைல்கோலினுக்குத் தளர்வது நின்றுபோனது. கவனமாக, உரசாமல் வெட்டிய பட்டையோ தளர்ந்தது. தசை இரண்டிலும் ஒன்றுதான், அது சுருங்கவும் செய்கிறது. "தளர்ந்துகொள்" என்று சொல்ல ஆள் இருக்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உள்படலம் நீக்கப்பட்ட ஒரு பட்டையை எடுத்தார்கள். அது தானாக எதற்கும் தளராது. படலம் உள்ள இன்னொரு பட்டையை அதன்மேல், உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் சேர்த்தார்கள். அசிட்டைல்கோலினை விட்டார்கள். படலம் இல்லாத பட்டை தளர்ந்தது. அதாவது ஒரு பட்டையின் படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியேறி, இடைவெளியைத் தாண்டி, இன்னொரு பட்டையின் தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நரம்பு இல்லை, ரத்தம் இல்லை, நடுவில் வேறு எந்த இணைப்பும் இல்லை. ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் இதை 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதுவரை பூச்சு என்று கிடந்த அடுக்கு அன்றிலிருந்து பேசும் உறுப்பாகிவிட்டது. அது என்ன பேசுகிறது, எந்தப் பொருளால் பேசுகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

சில நொடிகளே வாழும் வாயு

அந்தப் பொருளைப் பிடிக்க ஏழு வருடம் ஆனது, அதற்குக் காரணமும் அந்தப் பொருளே. சில நொடிகளில் மறைந்துவிடும். ஹீமோகுளோபின் பக்கத்தில் வந்தால் செயலிழக்கும். சூப்பராக்சைடு என்ற, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் முரட்டு மூலக்கூறு அதை அழிக்கும். இந்தக் குணங்களை வரிசையாக வைத்துப் பார்த்த ஃபர்ச்காட்டும், தனியாக இதே பாதையில் வந்துகொண்டிருந்த லூயிஸ் இக்னாரோவும், 1986இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நடந்த ஒரு கூட்டத்தில் இது நைட்ரிக் ஆக்சைடாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். மறுவருடம் இங்கிலாந்தில் சால்வடோர் மோன்காடாவின் குழு எண்டோதீலியச் செல்கள் அந்த வாயுவை உண்மையிலேயே வெளியிடுவதை அளந்து காட்டியது.

நைட்ரிக் ஆக்சைடு என்றால் வண்டிப் புகையில் வரும் அதே வாயு. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது மூக்கில் ஏறும் புகையிலும் அது இருக்கிறது. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். உடல் தன் செய்திகளை எழுதப் பெரிய பெரிய புரதங்களையும் ஹார்மோன்களையும் வைத்திருக்கும்போது, இவ்வளவு சிறிய, நச்சு என்று பெயரெடுத்த ஒரு வாயுவையும் பயன்படுத்துகிறது என்பதை நம்ப அந்நாளில் பலர் தயங்கினார்கள். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மோன்காடாவை விட்டது சரியில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அதே கருத்துதான்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. எண்டோதீலியச் செல்லுக்கு ஒரு தூண்டுதல் வந்ததும் அதனுள் கால்சியம் கூடுகிறது. கால்சியம் ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள ஆர்ஜினினையும் ஆக்சிஜனையும் எடுத்து, சிட்ருலினாகவும் நைட்ரிக் ஆக்சைடாகவும் மாற்றுகிறது. வாயு என்பதால் அதற்குக் கதவு தேவையில்லை, செல் சவ்வுகளைக் கடந்து அடுத்திருக்கும் தசைச்செல்லுக்குள் நேராக நுழைந்துவிடும். அங்கே குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியின் இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்கத் தொடங்கும். அது தசைச்செல்லின் கால்சியத்தைக் குறைக்கும், தசை தளரும், குழாய் விரியும். கால்சியம் கூடினால் தசை சுருங்கும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அதே கால்சியம் பக்கத்துச் செல்லில் கூடும்போது இந்தத் தசைக்குத் தளர்ச்சி வருகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு குழப்பம் வரும், பிறகு சட்டென்று தெளியும். அந்தத் தெளிவுக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இந்தப் பாதையில்தான் வேலை செய்கிறது. சார்பிட்ரேட்டின் இனத்தைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினை நெஞ்சு வலிக்குக் கொடுக்கலாம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் 1879இல் எழுதினார். அது நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத் தசையின் நொதியைத் தூண்டுகிறது என்று முராட் கண்டது 1977இல். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருடம் ஏன் கேட்கிறது என்று தெரியாமலே கொடுத்து வந்தார்கள். முக்கியமான விஷயம், இந்த மருந்துக்கு எண்டோதீலியத்தின் தயவு தேவையில்லை. படலம் பேச மறந்த இடத்திலும் அது நேராகத் தசையிடம் போகும். ஆனால் அது நன்றாக விரிப்பது பெரிய குழாய்களைத்தான், மிகச் சிறிய தமனிகளில் அதன் செல்வாக்கு குறைவு. அத்தைக்கு ஒருநாள் கேட்டு ஒருநாள் கேட்காமல் போனதை இதை வைத்து நான் புரிந்துகொள்கிறேன். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் இதே சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். வீட்டில் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் என்பதால் இதைச் சொல்லாமல் விடும் ஆண்கள் உண்டு. நெஞ்சு வலியோடு போகிறவர் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓடுகிற ரத்தமே செய்தி

அசிட்டைல்கோலின் ஆய்வகத்தில் தூண்டுகோல். உடலுக்குள் அன்றாடம் எண்டோதீலியத்தைத் தூண்டுவது ரத்தத்தின் ஓட்டம். ரத்தம் படலத்தை உரசிக்கொண்டு போகும் விசையை அந்தச் செல்கள் உணர்கின்றன. ஓட்டம் கூடினால் உரசல் கூடும், நைட்ரிக் ஆக்சைடு கூடும், குழாய் விரிந்து இடம் விடும். எங்கள் தாத்தா ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனம். அங்கே கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். தண்ணீரின் வரத்தைப் பார்த்து எந்த மடையை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. அவர் படுத்துவிட்டால் வாய்க்காலில் ஒரு கை மண் கூட இல்லாவிட்டாலும் கடைமடை வயல் காயும். வாய்க்காலை எத்தனை முறை நடந்து பார்த்தாலும் அடைப்பு எதுவும் கண்ணில் படாது. எண்டோதீலியம் செய்வது அந்த வேலை.

இதை ஊசி போடாமலே பார்க்க முடியும் என்று 1992இல் டேவிட் செலெர்மயர் லண்டனில் காட்டினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி ஐந்து நிமிடம் போல ஓட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலுக்குக் கைத்தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளக்க வேண்டும். நல்ல படலம் உள்ளவருக்கு விட்டம் சில சதவீதம் கூடும். புகைபிடிப்பவர்களுக்கும், பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த சிறுவர்களுக்கும் அந்த விரிவு குறைந்திருந்தது. அந்தச் சிறுவர்களின் தமனியில் படிவு எதுவும் தென்படுவதற்கு முன்பே இந்தக் குறை தெரிந்தது. நாம் அடைப்புக்காகக் காத்திருக்கும்போது, பழுது அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கியிருக்கிறது.

சர்க்கரை மிகும்போது சூப்பராக்சைடு மிகும், அது நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே அழிக்கும். புகையும் அதையே செய்கிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்குத் துணை நிற்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்தத் துணை குறையும். அத்தையின் கதையை இந்தப் பத்தியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

எல்லாம் நைட்ரிக் ஆக்சைடே என்று நான் சொல்லவில்லை. எண்டோதீலியம் புரோஸ்டாசைக்ளின் என்ற இன்னொரு விரிப்பானையும் வெளியிடுகிறது, மின்னழுத்த மாற்றம் வழியாகவும் தசையைத் தளர்த்துகிறது. சிறிய தமனிகளில் அந்தக் கடைசி வழிக்குப் பெரிய பங்கு உண்டு. எண்டோதீலின் என்ற கடுமையான சுருக்கியையும் அதுவே தயாரிக்கிறது, ஜப்பானில் யானகிசாவா குழு அதை 1988இல் கண்டறிந்தது. விரிக்கும் குரலும் சுருக்கும் குரலும் ஒரே படலத்திலிருந்துதான் வருகின்றன. நோயில் விரிக்கும் குரல் தாழ்ந்து சுருக்கும் குரல் ஓங்கிவிடுகிறது.

படத்தில் தெரியாதது

1986இல் பாஸ்டனில் லட்மரும் கூட்டாளிகளும் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். ஆஞ்சியோவின்போதே இதயத் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்தினார்கள். நல்ல தமனிகள் விரிந்தன. படிவு பிடித்த தமனிகள் சுருங்கின. படலம் கெட்டிருந்தால் அசிட்டைல்கோலின் நேராகத் தசையைத் தொடும், தசைக்கு அதனிடமிருந்து கிடைப்பது சுருங்கும் உத்தரவு மட்டும்தான். ஃபர்ச்காட்டின் உரசிப்போன பட்டையில் நடந்தது மனித இதயத்துக்குள் அப்படியே நடந்தது. கடும் அடைப்பு இல்லாத, லேசாக மட்டும் படிவு பிடித்த தமனிகளிலும் இது தெரிந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சாதாரண ஆஞ்சியோ பெரிய தமனிகளின் உள் இடத்தைத்தான் படம் பிடிக்கிறது. அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்கள் அதில் தனித்தனியாகத் தெரியாது. இதயத்தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று பெருமளவு தீர்மானிப்பதோ அந்தச் சின்னக் குழாய்கள்தான். ஆகவே "அடைப்பு இல்லை" என்பது உண்மையான பதில், ஆனால் பாதி பதில். 2018இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அடைப்பு இல்லாமல் நெஞ்சு வலி உள்ள 151 பேரைச் சோதித்தார்கள். சின்னக் குழாய்கள் விரிகின்றனவா, அசிட்டைல்கோலினுக்குத் தமனி இறுகுகிறதா என்று அளந்தபோது பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இரண்டில் ஒரு குறையாவது இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற மருந்து கொடுத்தவர்களுக்கு, வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட வலி குறைந்தது. சின்னக் குழாய்ப் பிரச்சினைக்கு ஒரு வகை மாத்திரை, தமனி இறுகும் பிரச்சினைக்கு வேறு வகை. எது என்று தெரியாமல் கொடுத்தால் சரியாகக் கேட்காது. சோதனையில் பங்கெடுத்தவர்களில் பெண்களே அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். இத்தனை தெரிந்த பிறகும் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்வது எப்படி? அந்தச் சோதனை எல்லா இடத்திலும் செய்ய முடியாது, செலவும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை, சின்னக் குழாய்களை இதில் பார்க்க முடியாது" என்று ஒரு வாக்கியம் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் அத்தைக்குக் கிடைத்திருந்தால் தன் வலியைத் தானே சந்தேகித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியிருக்க மாட்டார்.

நடுவில் வாட்ஸ்அப்பும் புகுந்தது. நைட்ரிக் ஆக்சைடு என்று நான் வாயைத் திறந்ததும் பீட்ரூட் சாறும் ஆர்ஜினின் பொடியும் வந்து நின்றன. பீட்ரூட்டில் உண்மை இருக்கிறது. அதிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட்டை நம் நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. லண்டனில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு நான்கு வாரம் குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 8 புள்ளி போலக் குறைந்தது. கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பான் அந்த பாக்டீரியாக்களைக் கொன்று இந்த வழியை அடைத்துவிடும் என்பதும் தெரிந்த விஷயம். ஆனால் சர்க்கரைக்காரருக்குச் சாற்றைவிடக் கீரை நல்லது, சிறுநீரகம் பழுதானவர் இரண்டையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆர்ஜினின் பொடி வேண்டவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் பயன் எதுவும் தெரியவில்லை, ஆர்ஜினின் எடுத்தவர்கள் பக்கம் மட்டும் மரணங்கள் நேர்ந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அதன் முடிவு 2006இல் வெளியானது. மூலப்பொருளைக் கொட்டினால் நொதி சரியாகிவிடும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

அத்தையை வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். போகுமுன் வலி எப்போது வருகிறது, என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது, மாத்திரை கேட்டதா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். மருத்துவர் அந்த நோட்டை முழுக்கப் படித்தார். ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார், பழைய ஆஞ்சியோ சிடியையும் பார்த்தார். "சின்னக் குழாய் விரியாததா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்மா. உங்க வலி நிஜம்" என்றார். அத்தை அங்கேயே கண்கலங்கிவிட்டார். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார், அழுத்த மாத்திரையை மாற்றினார், கொழுப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். தினமும் நடக்கச் சொன்னார், வலி வரும் வேகத்துக்குச் சற்றுக் கீழே. நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் அந்த உரசலே படலத்தின் நொதியை வளர்க்கும் என்று நான் அத்தைக்கு விளக்கினேன். "அப்ப நடக்குறதும் மருந்துதாங்குற" என்று கேட்டுக்கொண்டார்.

வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் குடத்தோடு ஏற முடியாத மாடியைக் கைவீசி ஏறுகிறார், நோட்டில் பதிவுகள் குறைந்திருக்கின்றன. அசிட்டைல்கோலின் சோதனை பற்றி நான் கேட்டபோது, மருந்துக்கு அடங்காவிட்டால் அது செய்யும் மையத்துக்கு எழுதித் தருகிறேன் என்று மருத்துவர் சொன்னார். இப்போதைக்கு அதற்குத் தேவை வரவில்லை. அடுத்த முறை போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப்போகலாமா என்று அத்தை கேட்கிறார். அவருக்கும் ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லையாம்.